முஸ்லிம் நாடு என்பதால் அது நமது ஊராகிவிடாது



கொஞ்சம் நீண்ட பதிவு. மாலைதீவுக்கு ஆசிரியராகப் போக ஆயத்தமாகிக்கொண்டிருப்பவர்களும், வீட்டில் ஒருவரை அங்கே அனுப்பிவிட்டு இங்கே போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வந்த அந்தச் சுற்றறிக்கை எல்லோருக்கும் நினைவிருக்கும். சம்பளமற்ற விடுமுறை, கூடியது ஐந்து வருடம், சிரேஷ்டத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை. பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டே அதை வட்ஸ்அப்பில் வாசித்தவர்கள் நாங்கள். அதற்கு முன்பும் நமது பகுதியிலிருந்து மாலைதீவுக்குப் போய்ப் படிப்பித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஆசிரியர் அறைகளில் இது தினசரிப் பேச்சானது. விடுமுறையில் ஊருக்கு வந்தால் பள்ளி வாசலில் வைத்தே கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே வசனத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: "முஸ்லிம் நாடுதானே சேர், நமக்கென்ன பயம்?"

இந்த வசனத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். ஏனென்றால் போன முதல் இரண்டு வாரத்துக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வருபவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கடன்பட்டு டிக்கெட் எடுத்தவர்கள், ஊரில் விருந்து சாப்பிட்டு வழியனுப்பப்பட்டவர்கள். அவர்களை வேலை விரட்டவில்லை. கடலும் விரட்டவில்லை. நமது ஊரின் இன்னொரு கிளைக்குப் போவதாக நினைத்துப் போனார்கள், போன இடம் அப்படி இருக்கவில்லை. துபாய்க்கோ கட்டாருக்கோ போகிறவன் பிற நாட்டுக்குப் போகிறோம் என்ற எண்ணத்தோடுதான் விமானம் ஏறுகிறான். மாலைதீவுக்குப் போகிற நமது ஆசிரியர் மட்டும் அந்த எண்ணம் இல்லாமல் ஏறுகிறார். ஒன்றரை மணித்தியாலப் பயணம், கடிகாரத்தில் அரை மணித்தியாலம் மட்டும்தான் வித்தியாசம், சுன்னி முஸ்லிம்கள், ஷாபி மத்ஹபுப் பழக்கம், மாசி வருகிற நாடு. இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும் என்று நினைக்கிறோம்.

ஒரு விடயத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. முதல் நாள் கிடைக்கிற அந்த நிம்மதி உண்மையானது. வெலானா விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்க்கிற அதிகாரி ஸலாம் சொல்லித்தான் தருகிறார். ஹலாலா என்று கேட்டுக் கடை தேட வேண்டியதில்லை. பாங்கு ஒலிக்கிறபோது பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார் என்று பார்க்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அபாயாவோடு பஸ்ஸில் ஏறுவதற்கே யோசித்த நமது பெண் ஆசிரியைகளுக்கு இந்த நிம்மதியின் பெறுமதி தெரியும். எங்களோடு வந்த ஒரு டீச்சர் மாலேயில் இறங்கிய அன்று சொன்னார்: "தோள் ரெண்டும் எறங்கின மாதிரி இருக்கு." ஒரே இரவில் சிறுபான்மை பெரும்பான்மையாகிவிட்ட மாதிரி ஓர் உணர்வு அது.

அந்த உணர்வு ஏறக்குறைய மூன்று நாள் நிற்கும். நான்காம் நாள் பாடசாலை.

மாலைதீவில் 1,192 தீவுகள். மக்கள் வாழ்வது இருநூறுக்கும் குறைவானவற்றில். 2022 கணக்கெடுப்பில் முழு நாட்டுச் சனத்தொகையும் ஐந்து இலட்சத்துச் சொச்சம். நமது அம்பாறை மாவட்டத்தை விடக் குறைவு. அதிலும் பெரும் பங்கு மாலேயிலும் அதைச் சுற்றியும். ஆசிரியர் வேலை பெரும்பாலும் வெளித் தீவுகளில்தான் கிடைக்கும். மாலேயிலிருந்து உள்நாட்டு விமானம், பிறகு ஸ்பீட்போட், சில இடங்களுக்கு மணிக்கணக்கில் படகு. எங்களுக்குக் கிடைத்த தீவை மஃரிபுக்கு முன் ஆரம்பித்தால் பாங்கு சொல்வதற்குள் நடந்து சுற்றி வந்துவிடலாம். முதல் நாள் அது அழகு. ஐந்தாம் நாள் அதே பாதையில் நான்காம் தடவை நடக்கிறபோது, இதற்கு மேல் போக இடமில்லை என்று உடம்புக்கு உறைக்கும். பஸ் இல்லை, டவுன் இல்லை, அடுத்த ஊர் இல்லை. காற்று பலமாக இருந்தால் படகும் இல்லை.

நாங்கள் நான்கு பேர் ஒன்றாகப் போனோம். எங்கள் பக்கத்து இரண்டு பேர், குருநாகலிலிருந்து ஒரு சிங்கள சேர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டீச்சர். போகும்போது ஊரில் எங்களிடம் சொன்னார்கள்: நீங்கள் ரெண்டு பேரும் முஸ்லிம்கள், சமாளிப்பீர்கள், மற்ற இருவரும்தான் பாவம் என்று. நடந்தது என்ன தெரியுமா? முதல் வாரத்தில் அந்த ஊரோடு ஒட்டிக்கொண்டவர் குருநாகல் சேர்தான்.

காரணம் மொழி. அவர்களுடைய திவேஹி மொழி சிங்களத்தின் சகோதர மொழி. தமிழோடும் அறபோடும் சொல் வாங்கியிருக்கிறது, ஆனால் பிறப்பு அந்தப் பக்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இஸ்லாத்தை ஏற்கும்வரை அந்தத் தீவுகளில் பௌத்தம்தான் இருந்தது. கடைக்காரர் எண்ணுகிறார்: எகெஹ், தெஹ், தினெஹ், ஹதரெஹ், ஃபஹெஹ், ஹயெஹ், ஹதெஹ். குருநாகல் சேர் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்: எக, தெக, துன, ஹதர, பஹ, ஹய, ஹத. சூரியன் அங்கே இரு, சிங்களத்தில் இர. சந்திரன் அங்கே ஹந்து, இங்கே ஹந்த. பால் கிரு, கிரி. அவர் இரண்டாம் நாளே மீன்காரரோடு விலை பேசினார். நமது பக்கத்தில் சிங்களத்தை ஒரு பாடமாகக் கூட ஒழுங்காகப் படிக்காத நாங்கள் ஸலாமைத் தவிர வேறு சொல்லில்லாமல் நின்றோம். ஸலாம் கதவைத் திறக்கும், உள்ளே போன பிறகு பேச வேண்டுமே!

எழுத்தும் அப்படித்தான். தானா என்ற அவர்களுடைய எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது. மேலும் கீழும் ஃபத்ஹா, கஸ்ரா மாதிரிக் குறிகள். ஓதத் தெரிந்த கண்ணுக்கு இப்போதே வாசித்துவிடலாம் போலத் தோன்றும். வாய் திறந்தால் ஒரெழுத்தும் வராது. அதன் முதல் ஒன்பது எழுத்துகளும் அறபு இலக்கங்கள் ஒன்று முதல் ஒன்பது வரையானவற்றின் உருவிலிருந்து செய்யப்பட்டவை. கணித ஆசிரியருக்குப் பிடித்த செய்தி, ஆனால் அறிவித்தல் பலகையை வாசிக்க உதவாது. நமது மூத்தம்மாமார் அறபு எழுத்தில் தமிழை எழுதி வாசித்தார்களே, அறபுத்தமிழ், அதை ஓர் அறபி பார்த்தால் எப்படி விழிப்பாரோ அப்படித்தான் நாங்கள் அங்கே விழிக்கிறோம்.

முதல் ஜும்ஆவில் இது முழுதாக விளங்கியது. குத்பா திவேஹியில். குர்ஆன் வசனம் வருகிற இடத்தில் மட்டும் தலை நிமிர்கிறது, பிறகு மீண்டும் கடல் இரைச்சல் மாதிரி. தொழுகை முடிந்து வெளியே வந்ததும் ஒருவர் இன்னொருவரிடம் எங்களைக் காட்டிச் சொன்ன ஒரு சொல் காதில் விழுந்தது: பிதேஸி. விதேசி, வெளிநாட்டான். அவர் அதை வெறுப்பில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதே ஸஃப்பில் எங்களுக்குப் பக்கத்தில் தொழுத வங்காளதேசத் தொழிலாளியும் பிதேஸிதான். அவன் நம்மைப்போல முஸ்லிம், நம்மை விடக் கூடுதலான நாள் அங்கே இருக்கிறான், வெயிலில் சீமெந்து சுமக்கிறான். "முஸ்லிம் நாடு" என்ற வசனம் அவனுக்கு எவ்வளவு தூரம் உதவியிருக்கிறது என்று போகிற ஆசிரியர்கள் ஒரு தடவை அவனோடு தேநீர் குடித்துப் பார்த்தால் தெரியும். எங்களில் சிலர் அவனை விட ஒருபடி மேல் என்று காட்டிக்கொள்ள டை கட்டிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். அது வேறு கதை.

ஒன்றை ஞாபகப்படுத்துகிறோம். 2020இல் கொரோனாவில் மரணித்த நமது ஜனாஸாக்களை இந்த நாட்டில் எரித்தார்கள். அந்த டிசம்பரில், நமது ஜனாஸாக்களை மாலைதீவில் அடக்குவது பற்றி இரு அரசாங்கங்களுக்கும் இடையில் பேச்சு எழுந்தது. அவர்கள் உதவும் எண்ணத்தில்தான் முன்வந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். அப்போது நாம் என்ன சொன்னோம்? அதுவும் முஸ்லிம் நாடுதானே, அடக்கினால் சரி என்றா சொன்னோம்? இல்லை. நமது உம்மா வாப்பா நமது மண்ணில்தான் அடங்க வேண்டும் என்றோம். 2021இல் ஓட்டமாவடியில் இடம் கிடைக்கும்வரை விடவில்லை. மார்க்கம் ஒன்று, மண் வேறு என்பதை அவ்வளவு வேதனையில் தெளிவாகச் சொன்ன சமூகம் நாம். அதே சமூகம் தன் ஆசிரியர்களை வேலைக்கு அனுப்பும்போது மட்டும் மார்க்கம் ஒன்றென்றால் மண்ணும் ஒன்றுதான் என்று சொல்லி அனுப்புவது என்ன நியாயம்?

யாழ்ப்பாணத்து டீச்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழிபாட்டுச் சிலைகளை மாலைதீவுக்குள் கொண்டுபோக முடியாது, பிற மதத்தவர் பகிரங்கமாக வழிபடவும் முடியாது. சட்டம் அப்படி. அவர் அதை அறிந்துதான் வந்தார். எங்களுக்குப் பள்ளி இருந்தது, ஜமாஅத் இருந்தது. அவர் வெள்ளிக்கிழமை காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடி இருந்துவிட்டு வருவார், அவ்வளவுதான். ஒருநாள் துறைமுகத்தில் ஒரு பெரியவர் அவர் தமிழ் என்று அறிந்ததும் 1988 நவம்பரை ஞாபகப்படுத்தினார். இலங்கையிலிருந்து ஆயுதத்தோடு வந்திறங்கி மாலேயைப் பிடிக்கப் பார்த்த தமிழ் இயக்கத்தின் கதை. அந்த நவம்பர் 3 இன்றும் அங்கே வெற்றி தினம், அரச விடுமுறை. 1988இல் டீச்சர் பிறக்கவே இல்லை. பெரியவரோ இலங்கைத் தமிழ் என்றால் ஒரே தமிழ்தான் என்று நினைத்துக்கொண்டு எங்களையும் சேர்த்துத்தான் பார்த்தார். சிறுபான்மையாக வாழ்வதன் சலிப்பை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால் அங்கே போய்ப் பெரும்பான்மை ஆசனத்தில் உட்கார்ந்ததும் முதலில் பக்கத்து அறையில் இருக்கிற இலங்கையரை நினையுங்கள். அவருக்கு ஸ்ட்ரைக் ஆகாத ஒரு வார்த்தை, நோன்பு நாளில் அவருடைய பகல் சாப்பாட்டுக்கு ஒரு மறைவான வசதி, இவ்வளவுதான் நாங்கள் செய்ய முடிந்தது. செய்தோம்.

போன உடனே தீர்ப்புச் சொல்கிற பழக்கமும் நமக்கு உண்டு. "இவங்க பேருக்குத்தான் முஸ்லிம்கள்" என்று மூன்றாம் நாள் ஊருக்கு வொய்ஸ் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெண்கள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள், விவாகரத்து சாதாரணமாக நடக்கிறது, பொடியன்மார் தலைமுடி இப்படி இருக்கிறது. இவர்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். 1343இல் இப்னு பதூதா மாலைதீவுக்குப் போனார். படித்த வெளிநாட்டவர் என்பதால் காழியாக வேலை கொடுத்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தவர் ஒரு பெண், சுல்தானா கதீஜா. பெண்கள் இடுப்புக்கு மேலே மறைத்து உடுத்த வேண்டும் என்று காழி கட்டளையிட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதை அவரே தன் பயணக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். அதிகாரத்தில் இருந்த வஸீரோடும் முரண்பட்டு, அடுத்த வருடமே புறப்பட்டு நமது இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையைப் பார்த்தார். உலகம் சுற்றிய மனிதர், அறிஞர், நீதிபதி. அவருக்கே அந்தத் தீவுகளைத் திருத்தக் காலம் கிடைக்கவில்லை. நாம் போவது தரம் 8க்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க.

வகுப்பறைக்கு வருவோம், உண்மையான பயம் அங்கேதான் இருக்கிறது.

அங்கே இஸ்லாமும் திவேஹியும் தவிர்ந்த பாடங்கள் ஆங்கிலத்தில். மேல் வகுப்புகளில் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துகிறார்கள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு வருடம் தமிழில் படிப்பித்தவர்கள். செம்பக்கம், சமன்பாடு, மடக்கை என்று கனவிலும் தமிழில் கணக்குச் செய்கிறவர்கள். பாடம் தெரியும், பாடத்தின் ஆங்கிலமும் தெரியும். ஆனால் "பின்னுக்கு இருக்கிற ரெண்டு பேரும் என்ன கதை?" என்பதை ஆங்கிலத்தில் சட்டென்று சொல்ல வராது. வகுப்பை நடத்துவது பாடப்புத்தக ஆங்கிலம் அல்ல, இந்த ஆங்கிலம்தான். எதிரில் இருக்கிற பிள்ளைகளோ யூடியூப் பார்த்து வளர்ந்தவர்கள், பேச்சு ஆங்கிலம் எங்களை விடச் சரளம். எழுதச் சொன்னால்தான் தடுமாறுவார்கள்.

அத்தோடு எண்ணிக்கை. ஊரில் நாற்பது பிள்ளைகளுக்கு முன் தொண்டையைத் திறந்து பழகியவர்கள். அங்கே எங்கள் வகுப்பில் பதினொரு பேர். நாற்பது பேருக்கான குரலில் பதினொரு பேரிடம் பேசினால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், இந்த சேருக்கு ஏன் கோபம் என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கிறார்கள். பிரம்பு பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019இல் வந்த சிறுவர் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு கை நீட்டினால் அடுத்த படகில் ஊர்தான். இங்கேயும் சுற்றறிக்கை இருக்கிறது, அது எப்படிப் பின்பற்றப்படுகிறது என்று நமக்குள் தெரியும். அதை நம்பிக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

முதல் வாரத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு சின்ன விடயம். இரண்டாம் நாள் பாடம் ஓடவில்லை. கேள்வி கேட்டால் பதினொரு முகமும் மேசையைப் பார்க்கிறது. அன்று பலகையில் ஒன்று முதல் பத்து வரை இலக்கத்தை எழுதிவிட்டு, இவற்றைத் திவேஹியில் எங்களுக்குச் சொல்லித்தாருங்கள் என்று கேட்டோம். முதலில் சிரிப்பு. பிறகு ஒரு பிள்ளை எழும்பி வந்து மார்க்கரை வாங்கி எழுதியது. நாங்கள் சொல்லிப் பார்த்தோம், ஒன்பதில் நாக்கு சுருண்டது, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. "நூன் சேர், நூன்!" என்று திருத்தினார்கள். நூன் என்றால் இல்லை. ஆன் என்றால் ஆம். அந்த ஆனைக் கேட்டதும் எங்களுக்கும் சிரிப்பு, நமது "ஆங்"குக்கும் அதற்கும் என்ன தூரம்? அடுத்த நாள் பின்னத்தைக் கூட்டச் சொன்னபோது கை உயர்ந்தது. விடை பிழை, ஆனால் கை உயர்ந்தது. ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிழையாகப் பேசப் பயப்படும் பிள்ளைக்கு முன்னால் ஆசிரியர் முதலில் பிழையாகப் பேசிக் காட்ட வேண்டியிருக்கிறது. இது நமது ஊரில் நாற்பது பேருக்கு முன்னால் செய்யத் துணியாத காரியம். பிதேஸி என்பதால் அங்கே செய்ய முடிந்தது.

அதனால்தான் சொல்கிறோம், வெளிநாட்டவராகப் போங்கள். தெரியாதவராகப் போங்கள். தெரியாதவருக்கு எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். "நானும் உங்களில் ஒருவன்" என்று போகிறவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித்தர மாட்டார்கள், அவர் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள்.

மாலைக்குப் பிறகு எங்கே இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். இலங்கையர் எல்லோரும் ஓர் அறையில் கூடிப் பருப்புக் காய்ச்சி, ஊர் அரசியல் பேசி, அழுது, தூங்குவது சுகம். நாங்களும் கூடினோம், சோறு தின்றோம். ஆனால் தினமும் அப்படியே இருந்தவர்கள்தான் சீக்கிரம் திரும்பினார்கள். கடற்கரையில் ஜோலி என்று கயிற்றுக் கதிரைகள் கட்டியிருக்கிறார்கள். அஸருக்குப் பிறகு ஊர்க்காரர்கள் அதில்தான் இருப்பார்கள். அங்கே போய் இருங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் பாடசாலையின் சிற்றூழியர் ஒருவர் அங்கேதான் ஒருநாள் எங்களிடம் உங்கள் ஊர் கடற்கரையா என்று கேட்டார். ஆம் என்றோம். "2004?" என்றார். அந்த இலக்கத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. டிசம்பர் 26 அங்கேயும் போயிருக்கிறது. ரா அடோலில் கந்தொல்ஹுதூ என்ற தீவு வாழ முடியாமல் போய், சனங்கள் வேறு தீவுகளில் தங்கி, பிறகு துவாஃபரு என்ற புதிய தீவில் குடியேற்றப்பட்டார்கள். அவருடைய சொந்தக்காரர்கள் அந்தத் தீவு. நாங்கள் மருதமுனை, சாய்ந்தமருது என்று பெயர்களைச் சொன்னோம். அவர் தெரியாத பெயர்களுக்கும் தலையசைத்தார். அன்று வீட்டிலிருந்து ரொஷியும் மஸ்ஹுனியும் கொண்டுவந்து தந்தார். ரொஷி நமது ரொட்டியை விட மெல்லியது. மஸ்ஹுனி என்றால் மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் கொச்சிக்காயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பிசைந்தது, சம்பல் என்றே வைத்துக்கொள்ளலாம். மாசியை அங்கே ஹிகிமஸ் என்கிறார்கள். நாம் தலைமுறை தலைமுறையாக இடித்துப் போட்டுச் சாப்பிட்ட சாமான், அதைக் காயவைக்கிற கைகளை இப்போதுதான் பார்க்கிறோம்.

இனி காசு விடயம். இதில் ஊர் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டும். போகுமுன் எல்லோரும் செய்கிற கணக்கு: ருஃபியா சம்பளத்தை 15.42ஆல் வகு, வருகிற டொலரை இலங்கை ரூபாயால் பெருக்கு. 15.42 உத்தியோகபூர்வ வீதம், சரி. ஆனால் அந்த வீதத்தில் கேட்ட அளவு டொலரை வங்கி தந்துவிடாது. வெளியில் வாங்கினால் ஒரு டொலருக்குக் கூடுதல் ருஃபியா போகும். மரக்கறியும் பழமும் படகில் வருவதால் விலை வேறு. முதல் சம்பளம் வருவதற்கு முன் வைத்தியப் பரிசோதனை, வேலை அனுமதி அட்டை, வங்கிக் கணக்கு என்று வரிசையாக இருக்கிறது. அதற்குள் ஊரிலிருந்து அழைப்பு: "இன்னும் அனுப்பல்லையா? அவங்கட மகன் போன மாசமே அனுப்பிட்டாராமே?" தயவுசெய்து முதல் இரண்டு மாதம் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அங்கே இருப்பவர் பொய் சொல்லத் தொடங்குவது இந்தக் கேள்வியில்தான். கடன் வாங்கி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.

முகவர் மூலம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களோடு வந்த ஒருவருக்கு இங்கே ஒரு முகவர் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்று வாயால் சொன்னார், ஒப்பந்தத்தில் இரண்டும் இல்லை. வாய்ப்பேச்சு கடல் தாண்டாது. ஒப்பந்தத்தைக் கையொப்பமிடுமுன் ஆங்கிலம் தெரிந்த இன்னொருவரிடம் காட்டி, தங்குமிடம் யார் பொறுப்பு, விடுமுறை டிக்கெட் யார் பொறுப்பு, இடையில் விட்டு வந்தால் என்ன கட்ட வேண்டும் என்ற மூன்றையும் வாசித்து விளங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற தாய்மார் பற்றி நீளமாக எழுத மனமில்லை. அவர்களுக்கு எங்கள் கருத்து ஒன்றுதான்: இரவில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்த நேரம் மட்டும் பேசுங்கள். நாள் முழுக்க வீடியோ அழைப்பைத் திறந்து வைத்திருந்தால் நீங்கள் இரண்டு இடத்திலும் இருக்க மாட்டீர்கள். அதோடு பாடசாலையின் வைபர் குழுவில் பெற்றோர் இரவு பத்து மணிக்கும் கேள்வி கேட்பார்கள், அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நாங்கள் விட்டுவந்த வகுப்புகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். கேட்பது சரி. நமது பாடசாலையில் ஒரு கணித ஆசிரியர் போனால் அந்த இடம் மாதக்கணக்கில் வெறுமையாக இருக்கிறது, பெற்றோர் டியூஷனுக்குக் காசு கட்டுகிறார்கள். போனவரைத் திட்டுவதால் அந்தக் கதிரை நிரம்பாது. விடுமுறை அங்கீகரிக்கும்போதே பதிலாளைக் கேட்டு வலயத்தை நெருக்குகிற வேலையை அதிபர்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் செய்ய வேண்டும். போகிறவர்களும் குறைந்தது தங்களுடைய பாடக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். எங்களில் இருவர் இப்போது சனிக்கிழமைகளில் சூம் வழியாக ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறோம். அங்கே வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை என்பதால் அது முடிகிறது. இணைப்பு சில நாள் அறுந்துவிடும்.

அடுத்த தவணைக்கு நமது பகுதியிலிருந்து ஏழெட்டுப் பேர் போக இருப்பதாக அறிகிறோம். எங்களிடம் ஒரு கொப்பி இருக்கிறது. எண்கள், வகுப்பில் சொல்ல வேண்டிய சின்னச் சின்ன வசனங்கள், கடையிலும் வைத்தியசாலையிலும் தேவைப்படும் சொற்கள் எல்லாம் திவேஹி உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் திருத்தித் தந்தது, ஆகவே நம்பலாம். பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறோம், இன்பொக்ஸில் பெயரையும் படிப்பிக்கிற பாடத்தையும் போடுங்கள். ஊரில் இருக்கும்வரை குருநாகல் சேரும் ஸூமில் வந்து ஒரு மணித்தியாலம் சிங்கள எண்களோடு ஒப்பிட்டுச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார், வருகிற ஞாயிறு இஷாவுக்குப் பிறகு, இன்ஷா அல்லாஹ்.